கேளுங்க சொல்றேன்: எந்த ஊரு லேபிள், எந்த ஊரு துணி?

போன இதழ்ல "காலேஜ் பசங்க ஏன் ஃபாரின் பிராண்டு டிரஸ்ஸா தேடிப் போறாங்க"ன்னு சும்மா ஒரு வரி கேட்டு வச்சோம். பெத்தவங்க ஒரு பக்கம் பசங்க ஒரு பக்கம்னு புடிச்சுக்கிட்டாங்க. வந்ததுல கொஞ்சத்துக்கு இங்க பதில். திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா, அதாவது ஆர்டர் வாங்கி முடிச்சுக் குடுக்கற வேலைல, ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன் நான், அதனால பதில்ல பனியன் வாடை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: பையன் இன்ஜினியரிங் செகண்ட் இயர். தீபாவளிக்கு ஊர்ல பெரிய ஜவுளிக்கடைல மூணு சட்டை எடுத்துக் குடுத்தேன், மடிப்பு கலையாம பீரோல கெடக்கு. ஆனா சென்னைல ஹாஸ்டல் பசங்களோட மாலுக்குப் போய் எச் அண்ட் எம்ல ஒரே ஒரு சட்டைய அந்த மூணுக்கும் சேத்து ஆன காசுக்கு வாங்கிட்டு வந்து அதையே மாத்தி மாத்திப் போடுறான். இந்த வெளிநாட்டு மோகம் எங்க போய் முடியும்?
– ஒரு அப்பா, சேலம்

பதில்: அண்ணா, அந்த மூணு சட்டை எடுக்கும்போது பையன் கூட வந்தானா? லெட்டர்ல அது இல்ல, அதான் கேக்கறேன். ஏன்னா நம்ம ஜவுளிக்கடைல சட்டை எடுக்கற முறை எனக்கு மனப்பாடம், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கறவரு பெட்டி பெட்டியா பிரிச்சுப் போடுவாரு, நாம "முப்பத்தெட்டு குடுங்க... வேணாம் வளர்ற பையன், நாப்பதாவே குடுத்துருங்க"ன்னு சொல்லுவோம், கவரைப் பிரிச்சு குண்டூசி அட்டை எல்லாம் எடுத்துட்டு போட்டுப் பாக்கறேன்னு சொன்னா அவரு மொகம் போற போக்கைப் பாக்கணுமே. இப்ப டிரையல் ரூம் எல்லாம் வந்துருச்சுதான், இல்லன்னு சொல்லல. ஆனா நாலு சட்டைய அள்ளிட்டு உள்ள போய் கண்ணாடி முன்னாடி போட்டோ எடுத்து ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி அவன் "ரெண்டாவது ஓகே மச்சி"ங்கற வரைக்கும் நிக்கறதுக்கு அங்க இடம் கெடையாது. மால்ல உண்டு, பின்னாடியே வந்து "சார் இது நல்ல மூவிங் சார்"னு சொல்ல ஆளும் கெடையாது, புடிக்கலன்னா பில்லோட போனா மாத்தியும் குடுப்பாங்க.

அடுத்தது நீளம். இதை யாரும் பேசறதே இல்ல. நம்ம ஊர் சட்டையோட கட்டிங் ரொம்ப காலமா ஆபீஸ் போறவருக்குன்னு போட்ட கட்டிங், பேன்ட்டுக்குள்ள இன் பண்ணணும், கைய தூக்கினா வெளிய வரக்கூடாது, அதனால பின்பக்கம் நீளமா வளைச்சு விட்டிருப்பாங்க. உங்க பையன் இன் பண்றானா? பண்ண மாட்டான். வெளிய விட்டா அந்த சட்டை தொடை வரைக்கும் தொங்கும், தோள்பட்டைத் தையல் கைல வந்து நிக்கும், அதைப் போட்டுக்கிட்டு காலேஜ் போனா மத்தியானத்துக்குள்ள ஒரு பட்டப்பேரு வந்துரும். அவன் மால்ல வாங்குனது இடுப்புக்கு கீழ நாலு விரல்ல நிக்கும், அடிமட்டம் நேரா வெட்டியிருக்கும். இவ்ளோதான் வித்தியாசம், எச் அண்ட் எம் ஸ்வீடன் கம்பெனிதான், ஆனா இதுல ஸ்வீடனுக்கு என்ன வேலை?

மோகமே இல்லன்னும் சொல்ல வரல. அந்த காகிதப் பைய பீரோ மேல மடிச்சு வச்சிருப்பான், பாருங்க. ஆனா வெறும் வெளிநாட்டு மோகம்னா இதே பசங்க ஜூடியோல சனிக்கிழமை சாயங்காலம் பில்லிங் க்யூல ஏன் நிக்கறாங்க? அதை நடத்தறது டாடாவோட டிரென்ட் கம்பெனி, ஜூடியோ கடை 2016-ல ஆரம்பிச்சது, பெரும்பாலும் ஆயிரத்துக்குள்ளதான் விலை, ஆன்லைன்ல கூட விக்கறதில்ல. இன்னொரு வேடிக்கை, ஸ்பெயின் நாட்டு ஜாரா 2010-ல இந்தியாவுக்குள்ள வந்ததே இதே டிரென்ட்டோட கூட்டு சேந்துதான். அடுத்த தீபாவளிக்கு காசை பையன் கைல குடுத்து உங்க ஊர்லயே எடுத்துக்கடான்னு சொல்லிப் பாருங்க. எங்க போறான்னு பாத்தா உங்க ஊர் கடைல எது சரியில்லன்னு உங்களுக்கே புரிஞ்சுரும்.

கேள்வி: பீட்டர் இங்கிலாந்து, லூயி பிலிப், மான்டி கார்லோ இதெல்லாம் எந்த நாட்டு கம்பெனி? பிரியாணிக்கு பந்தயம் கட்டியிருக்கோம், சீக்கிரம் பதில் போடவும்.
– நாலு நண்பர்கள், திண்டுக்கல்

பதில்: யாரு என்ன சொன்னீங்கன்னு எழுதாம விட்டுட்டீங்களேப்பா, தீர்ப்பு எப்படி சொல்றது. பீட்டர் இங்கிலாந்துங்கற பேரு 1889-ல அயர்லாந்து லண்டன்டெரில பொறந்தது, நம்ம ஊருக்கு வந்தது 1997, அப்பறம் பிராண்டையே ஆதித்ய பிர்லா குரூப் வாங்கிருச்சு. லூயி பிலிப் ஒரு பிரெஞ்சு ராஜாவோட பேரு, பேரு மட்டும்தான் பிரான்ஸ், சட்டை 1989-ல இந்தியாவுல இறக்குனது, அதுவும் இப்ப பிர்லாதான். இதையெல்லாம் கொண்டு வந்த கம்பெனி பேரு மதுரா கார்மென்ட்ஸ். எந்த மதுரான்னு கேட்டா நம்ம மதுரைதான், மதுரா கோட்ஸ் மில்லோட ரெடிமேட் பிரிவா இருந்து 2000 வாக்குல பிர்லா கைக்குப் போச்சு. ஆக இத்தனை வருஷமா இங்கிலீஷ்காரன் சட்டைன்னு நெனச்சுப் போட்டது உங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்து பேரு. மான்டி கார்லோ பஞ்சாப் லூதியானா, ஸ்வெட்டர் கம்பெனி, 1984.

வான் ஹியூசன், ஆரோ, யுஎஸ் போலோ இதெல்லாம் அசல் அமெரிக்கப் பேருங்கதான், ஆனா இங்க லைசென்ஸ் எடுத்து நடத்தறது இந்தியக் கம்பெனிங்க. ஜாக்கியும் அப்படித்தான், பேரு அமெரிக்கா, நடத்தறது பெங்களூர் பேஜ் இண்டஸ்ட்ரீஸ். தலைகீழாவும் இருக்கு, மாசச் சம்பளக்காரங்க குடும்பத்தோட போற மேக்ஸ் துபாய் லேண்ட்மார்க் குரூப்போடது, பாட்டாவ நம்ம கம்பெனின்னு சத்தியம் பண்றவங்க எத்தனை பேரு, அது செக் நாட்டுல இருந்து வந்தது. கலர்பிளஸ் 1993-ல சென்னைல ஆரம்பிச்சது, இண்டியன் டெரெய்னும் பேசிக்ஸும்கூட சென்னைதான். ஒருத்தராவது தமிழ்ல பேரு வச்சாங்களா? வச்சா பசங்க வாங்கியிருப்பாங்களாங்கறது வேற கேள்வி. பிரியாணி பில்லை நாலாப் பிரிச்சுக்கோங்க, அதான் நியாயம்.

கேள்வி: நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் பாக்கறேன். நாங்க பேக் பண்ற டி-ஷர்ட்டுல விலை டேக்கும் நாங்களே மாட்டுவோம், யூரோல இருக்கும், கணக்கு போட்டா ஆயிரத்து ஐநூறு ரூபா வருது. அதே பிராண்டை என் தம்பி கோயமுத்தூர் மாலுக்குப் போய் அந்த விலைக்கு வாங்கிட்டு வந்து எனக்கே காட்டுறான். இதுல யாரு ஏமாளி சார்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கண்ணு, நீ கேட்ட மாதிரி எங்க எம்டி கிட்ட நானும் ஒரு தடவை கேட்டிருக்கேன், அவரு சிரிச்சுட்டு காபி குடிக்கச் சொல்லி அனுப்பிட்டாரு. கணக்கு உனக்குத் தெரிஞ்சதுதான், சாதா ரவுண்ட் நெக், 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை துணின்னா வேஸ்ட் போக கிலோவுக்கு அஞ்சு பீஸ் பக்கம் வரும். நூலு, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் அத்தனையும் சேத்து பையர், அதான் ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக் கம்பெனி, குடுக்கறது மூணு நாலு டாலர்ல முடியும், அதுலயும் அரை டாலர் கொறைக்கச் சொல்லி ஒரு வாரம் மெயில் போடுவான். மீதி எங்க போகுதுன்னா கப்பல் வாடகை, அங்க சுங்கம், ஐரோப்பால விலைக்குள்ளயே அடங்கியிருக்கற இருபது சதவீதம் சுத்தி வாட் வரி, நடு டவுன்ல கடை வாடகை, விளம்பரம், அப்பறம் விக்காம நின்னு போறத பாதி விலைக்கு தள்றதுல வர்ற நஷ்டம். அதையும் முதல்லயே விலைல ஏத்திருவாங்க.

உன் தம்பி ஏமாளியான்னா, பாதிதான். ஒரு விஷயம் யோசி. பையரோட ஆர்டர் ஓடும்போது உங்க டேபிள்ல டேப் வச்சு அளக்கறீங்க, நெஞ்சளவு ஒரு சென்டிமீட்டர் கூடினா தனியா வைக்கறீங்க, துவைச்சுப் பாத்த ரிப்போர்ட் இல்லாம துணி கட்டிங்குக்கே போகாது, கடைசில பையரோட இன்ஸ்பெக்ஷன்காரர் வந்து பெட்டிய பிரிச்சு எடுத்த சாம்பிள்ல எத்தனை குறை வரைக்கும் விடலாங்கற ஏக்யூஎல் 2.5 கணக்கு பாத்து ஃபெயில் போட்டுட்டா மொத்த லாட்டையும் திருப்பி செக் பண்ணணும், அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போக மணி பன்னெண்டு. அதே கம்பெனில, அதே பவர் டேபிள்ல, அதே டெய்லர் அக்கா, லோக்கல் ஆர்டர் ஓடும்போது இந்த டேப் எங்க போகுது? "லோக்கல் தானே, விடு, போகட்டும்"னு ஒரு குரல் வரும் பாரு. உன் தம்பி குடுக்கற கூடுதல் காசுல ஒரு பங்கு அந்த இன்ஸ்பெக்ஷன்காரர் மேல நமக்கிருந்த பயத்துக்கு. உள்ளூர் ஆளுக்கு அந்த பயத்தை நாம வைக்கல, அவனும் உள்ளூர் பிராண்டை நம்பல. அவனை மட்டும் திட்டி என்ன பண்றது.

இந்த நாட்டோட பின்னலாடை ஏற்றுமதில பாதிக்கு மேல நம்ம ஊர்ல இருந்து போகுது, 2024-25-ல நாப்பதாயிரம் கோடி ரூபாயத் தொட்டுச்சு. இவ்ளோ பண்ற ஊர்ல இருந்து ஒரு டி-ஷர்ட் பிராண்டு பேரு சொல்லுன்னு ஒரு காலேஜ் பையனைக் கேளு, முழிப்பான். வேட்டின்னா ராம்ராஜ்னு டக்குனு சொல்லுவான், 1983-ல இருந்து அடிச்ச அடி அப்படி. பனியன் ஜட்டின்னாலும் ரெண்டு மூணு பேரு சொல்லுவான். டி-ஷர்ட்டுக்கு இல்ல. ஏன்னா ஆர்டர் தொழில்ல சரக்கு ஏத்தினா ரெண்டு மூணு மாசத்துல பணம் வந்துரும், பிராண்டுன்னா அஞ்சு வருஷம் கைக்காசு போட்டு டிசைனர் வச்சு கடை புடிச்சு விக்காததை தலைல கட்டிக்கணும், நம்ம மொதலாளிங்களுக்கு அந்தப் பொறுமை கெடையாது, பேங்க்குக்கு அதை விடக் கெடையாது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் ஐம்பது சதவீதம் வரி போட்டு ஆர்டர் எல்லாம் தொங்குனப்ப "நாமளே பிராண்டு பண்ணலாம்"னு டீக்கடைக்கு டீக்கடை பேசினாங்க. அந்தப் பேச்சு எப்பவும் ஆர்டர் திரும்பி வர்ற வரைக்கும்தான் இருக்கும்.

இன்னொண்ணு, தம்பி வாங்கின டி-ஷர்ட்டோட சைடு தையல் உள்பக்கம் இருக்கற லேபிளைத் திருப்பிப் பாரு. அது உங்க ஊர்ல தைச்சதாவே இல்லாம பங்களாதேஷா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அங்க தைக்கற ரெடிமேடுக்கு இங்க ரொம்ப வருஷமா சுங்க வரி கெடையாது, 2025 மே மாசத்துல இருந்து தரைவழியா வரக்கூடாது, கல்கத்தா, நவசேவா துறைமுகம் வழியாத்தான் வரணும்னு மட்டும் கட்டுப்பாடு போட்டிருக்காங்க. அப்ப அது உன் கையும் பாக்காத டி-ஷர்ட், தம்பி உன்கிட்ட காட்டினது ஒரு வகைல சரிதான், நீ செக் பண்ணிக் குடு.

கேள்வி: எம்பிஏ ப்ராஜெக்ட்டுக்கு "இளைஞர்களிடம் வெளிநாட்டு, உள்நாட்டு ஆடை பிராண்டுகள்"னு தலைப்பு எடுத்திருக்கேன். கிளாஸ்மேட்ஸ்கிட்ட கூகுள் ஃபார்ம் அனுப்பினேன், ஏன் வெளிநாட்டு பிராண்டுன்னு கேட்டா எல்லாரும் "குவாலிட்டி"னு டிக் பண்ணியிருக்காங்க. கைடு இது போதாதுங்கறாரு. என்ன பண்ணலாம்?
– மாணவி, திருச்சி

பதில்: உங்க கைடு நல்லவரு, விட்டுறாதீங்க. குவாலிட்டின்னு எழுதறதுக்கு செலவு இல்ல, "என் ஃப்ரெண்ட்ஸ் போடுறாங்க அதான் நானும்"னு எழுத கூச்சம், அதனால எல்லாரும் குவாலிட்டில போய் ஒளிஞ்சுக்குவாங்க. 2000-ல இந்திய நுகர்வோரை வச்சு பாத்ரான்னு ஒரு பேராசிரியரும் கூட நாலு பேரும் ஒரு ஆய்வு பண்ணாங்க, வெளிநாட்டு பிராண்டை விரும்பறதுக்கு தரத்தைத் தாண்டி அந்தஸ்தும் ஒரு காரணம், அதுவும் நாலு பேரு கண்ணுல படற பொருள்ல இது அதிகம்னு அதுல வந்துச்சு. உங்க ஃபார்ம்ல சட்டைக்கும் நைட் பேன்ட்டுக்கும் தனித்தனியா கேட்டுப் பாருங்க, வீட்டுக்குள்ள போடறதுக்கு எவ்ளோ பேரு ஃபாரின் பிராண்டு தேடறாங்கன்னு தெரியும். ஜாக்கி மட்டும் இதுக்கு அடங்காது, அதோட எலாஸ்டிக் பட்டை பேன்ட்டுக்கு மேல எட்டிப் பாக்கணும்னே சில பேரு வாங்கறாங்க.

நாட்டுப்பற்றை அளக்கணும்னா செட்ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 1987-ல அமெரிக்காவுல ஷிம்ப், ஷர்மான்னு ரெண்டு பேரு போட்டது, பதினேழு வாக்கியம், வெளிநாட்டுப் பொருள் வாங்கறது தப்புன்னு நெனைக்கறீங்களா, அதனால நம்ம ஆளுங்க வேலை போகும்னு நெனைக்கறீங்களாங்கற ரீதில போகும். லைப்ரரில கெடைக்கும். ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, கருத்து கேட்டா எல்லாரும் சுதேசிதான். கடைசியா வாங்கின மூணு டிரஸ் என்ன, எங்க, எவ்ளோ, பில் இருக்கான்னு கேளுங்க. அதோட எது வெளிநாடு எது உள்நாடுன்னு அவங்களையே எழுதச் சொல்லுங்க. ஷீன் ஆப் 2020 ஜூன்ல தடையாச்சு, 2025 பிப்ரவரில ரிலையன்ஸ் கை வழியா திரும்பி வந்துச்சு, துணி இங்க தைக்கறது, பேரு சைனாவுல பொறந்தது, இதை எந்தக் கட்டத்துல போடுவீங்க? நீங்க முதல்லயே ரெண்டு கட்டம் வரைஞ்சுட்டு எல்லா பிராண்டையும் அதுக்குள்ள திணிச்சா ப்ராஜெக்ட் அங்கயே படுத்துரும்.

முடிஞ்சா இன்னொரு வேலை பண்ணுங்க, கைடு சந்தோஷப்படுவாரு. ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட் ரெண்டு, லேபிளைப் பிரிச்சு எடுத்துட்டு கிளாஸ்ல சுத்த விடுங்க, தொட்டுப் பாத்து விலை சொல்லட்டும். அடுத்த கிளாஸ்ல அதே ரெண்டையும் லேபிள் மாத்தித் தைச்சு விடுங்க. அப்பறம் குவாலிட்டி பத்திப் பேசலாம். லேபிள் மாத்தினதை கடைசில சொல்லிருங்க, இல்லன்னா வேற பிரச்சினை வரும்.

கேள்வி: திருப்பூர் காதர்பேட்டைல ஜாரா டி-ஷர்ட் 200 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரிஜினல் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்னு சொன்னாரு. நம்பலாமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: எல்லா சைஸும் இருந்துச்சா? எஸ்ல இருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும், ஆறு கலர்ல, கழுத்துல லேபிள் பளபளன்னு, டேக்கு பார்கோடோட? அப்படின்னா தம்பி அது அந்தத் தெருவுலயே லேபிள் அடிச்சு வச்சது. நெஜமான சர்ப்ளஸ் எப்படி வருதுன்னா, ஆர்டருக்கு மேல கொஞ்சம் சேத்து வெட்டுவோம், டேமேஜ் ஆனா ஈடு கட்டணுமே, மிஞ்சினது நிக்கும், இல்ல பையர் கேன்சல் பண்ணினது நிக்கும். அதனால அது துண்டு துக்கடாவாத்தான் இருக்கும், எல் சைஸ் குவிஞ்சு கெடக்கும் எம் இருக்காது, ஒரு அசிங்கமான கலர்ல மட்டும் நூறு பீஸ் இருக்கும். கழுத்து லேபிளை கத்திரில பாதியா நறுக்கியிருப்பாங்க, இல்ல மார்க்கர்ல கோடு இழுத்திருப்பாங்க, ஏன்னா பேரோட வெளிய விடக்கூடாதுன்னு பையர் எழுதி வாங்கியிருப்பான். கூடவே செகண்ட்ஸும் கலந்திருக்கும், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, கை ஒரு ஷேடு உடம்பு ஒரு ஷேடு, வெளிச்சத்துல பிரிச்சுப் பாத்து எடுக்கணும். நறுக்குன லேபிளோட நல்ல பீஸ் மாட்டினா விடாதீங்க, முழு லேபிளோட இருந்தா 200 ரூபா டி-ஷர்ட்னு நெனச்சு போட்டுக்கோங்க, 200 ரூபாய்க்கு அது ஒண்ணும் மோசமில்ல.

கேள்வி: அந்நியத் துணிய நடுத்தெருவுல போட்டுக் கொளுத்தின நாடு இது. காந்தி மேலாடைய கழட்டினது எங்க ஊர்ல. இன்னிக்கு பேரப்பசங்க அந்நியக் கம்பெனி பேர நெஞ்சுல எழுதிக்கிட்டுத் திரியறாங்க. உங்களுக்கு உறுத்தலையா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஐயா, வணக்கம். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி, அந்த வீட்டை நானும் போய்ப் பாத்திருக்கேன். உறுத்துதுதான், நெஞ்சுல பெருசா பேரு போட்ட டி-ஷர்ட்டுக்கு நாம காசு குடுத்து அவனுக்கு விளம்பரம் பண்றது எனக்கும் ஆகாது. ஆனா அன்னிக்கு நம்ம பருத்தி இங்கிலாந்து லங்காஷயர் மில்லுக்குப் போய் துணியா திரும்பி வந்துச்சு, நெசவாளி வீட்டுல அடுப்பு எரியல. இன்னிக்கு அந்த அந்நியப் பேரு போட்ட துணிலதான் திருப்பூர்ல லட்சக்கணக்கான வீட்டுல அடுப்பு எரியுது. இப்ப நாம எதைக் கொளுத்தறதுன்னு எனக்குத் தெரியல ஐயா.

வெளிநாட்டுக்காரன் பேரு போட்டாத்தான் நம்ம சரக்குக்கு மவுசுங்கறதும் புதுசு இல்ல. மெட்ராஸ் செக்னு கைத்தறித் துணி, 1958 வாக்குல அமெரிக்காவுல புரூக்ஸ் பிரதர்ஸ் கடைல சட்டையா வித்துச்சு. பச்சத் தண்ணில தனியா துவைக்கணும்னு இங்க சொல்லி அனுப்பினதை அங்க யாரும் வாங்கறவங்களுக்குச் சொல்லல, மெஷின்ல போட்டாங்க, சாயம் போச்சு, ஒரே கலாட்டா. கடைசில "சாயம் போறதுதான் இதோட அழகு, கண்டிப்பா போகும்"னு விளம்பரம் பண்ணியே வித்துட்டாங்க. நம்ம ஊர்க் கடைல ஒருத்தர் அப்படிச் சொல்லியிருந்தா விட்டிருப்போமா?

பேரப்பசங்களை முழுசா கைகழுவிறாதீங்க. காலேஜ்ல பொங்கலுக்கு அத்தனை பேரும் வேட்டிதான், வெல்க்ரோ வச்ச ஒட்டிக்கோ கட்டிக்கோதான், இருக்கட்டுமே. 1935-ல ஆரம்பிச்ச கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளித் தள்ளுபடிக்கு அம்மாவோட வர்ற பொண்ணுங்க தனக்கும் ஒரு சேலை எடுத்துட்டுப் போறத நான் பாக்கறேன். கடமைக்காக வாங்குன்னா எந்த வயசுலயும் வாங்க மாட்டாங்க, நல்லாருக்குன்னா வாங்குவாங்க.

கேள்வி: எல்லாரும் பசங்க சட்டையப் பத்தியே பேசறீங்க. எங்க ஹாஸ்டல்ல குர்தி, லெகின்ஸ் எதுலயுமே ஃபாரின் பிராண்டு இல்ல. நாங்க தேசபக்தர்களா?
– மாணவி, திருநெல்வேலி

பதில்: இருக்கலாம்மா, யாரு கண்டா. குர்தி, லெகின்ஸ், துப்பட்டா இதுல வெளிநாட்டுக்காரனுக்கு ஒண்ணும் புரியாது, அதான் விஷயம். ஒரு குர்திக்கு மேட்சா பச்சைலயே எட்டு பச்சை வேணும், கிளிப்பச்சை வேற, இலைப்பச்சை வேற, பாட்டில் பச்சை வேற. ட்வின் பேர்ட்ஸ், பிரிஸ்மான்னு திருப்பூர்க் கம்பெனிங்க அந்த ஷேடு கார்டை வச்சே கடைகடையா புடிச்சாங்க, எங்க மொதலாளிங்களுக்கு பிராண்டு பண்ணப் பொறுமை கெடையாதுன்னு மேல எழுதினேனே, இது அதுக்கு விதிவிலக்கு. ஐரோப்பிய அளவுல வெட்டின பேன்ட் நம்ம பொண்ணுங்களுக்கு இடுப்புல சரியா இருந்தா தொடைல ஏறாது, தொடைல ஏறினா இடுப்புல கையே போகும், டிரையல் ரூம்ல அழுத கதை உங்க ஹாஸ்டல்லயே நாலு இருக்கும். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இதுல ஜெயிச்சாருன்னா ஃபேப்இண்டியாதான், கதர் ஜிப்பாவும் பிளாக் பிரிண்ட்டுமா அவ்ளோ தேசியா தெரியற அந்தக் கம்பெனிய 1960-ல ஆரம்பிச்சவர் ஜான் பிஸ்ஸல்னு ஒரு அமெரிக்கர், முதல்ல ஏற்றுமதிக்குன்னு.

கேள்வி: டிரஸ்ஸுக்கு ஜிஎஸ்டி கொறைஞ்சுருச்சாமே, பிராண்டட் விலை எறங்குமா?
– வாசகர், கரூர்

பதில்: 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஒரு பீஸ் 2,500 ரூபா வரைக்கும் அஞ்சு சதவீதம், அதுக்கு மேல போனா பதினெட்டு. முன்னாடி ஆயிரத்துக்கு மேல போனாலே பன்னெண்டு இருந்துச்சு. ஆக ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரத்து ஐநூறு வரைக்கும் இருக்கற சட்டைக்கு லாபம், உள்நாட்டு வெளிநாட்டு பிராண்டு ரெண்டும் அடிச்சுக்கற இடமும் அதுதான். கல்யாணத்துக்கு கோட்டு எடுக்கறவங்களுக்கு ஏறிருச்சு.

கேள்வி: பிராண்டு கதையெல்லாம் விடுங்க சார். 500 ரூபாய்க்குள்ள நல்ல டி-ஷர்ட் எப்படி கண்டுபுடிக்கறது?
– மெக்கானிக், நாமக்கல்

பதில்: இவ்ளோ லெட்டர்ல உருப்படியான கேள்வி இதுதான். முதல்ல உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்புங்க, கடைக்காரர் மொறைச்சா மொறைக்கட்டும். சைடு தையல் அக்குள்ல இருந்து அடி வரைக்கும் நேரா எறங்கணும், துணிலயே கோடு சாஞ்சிருந்தா மூணாவது துவைக்கு தையல் சுத்திக்கிட்டு வயித்துக்கு வந்துரும், அதுக்கு அப்பறம் எந்த பிராண்டு பேராலயும் அதை நேராக்க முடியாது. கழுத்துப் பட்டிய ரெண்டு கைல இழுத்து விடுங்க, டக்குனு பழைய இடத்துக்கு வரணும், அலை அலையா நின்னா வேணாம். கழுத்துக்குப் பின்னாடி தோள்ல இருந்து தோளுக்கு ஒரு டேப் வச்சுத் தைச்சிருக்கணும், அது இல்லன்னா தோளு தொங்கிரும். அப்பறம் லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, அங்கங்க திட்டுத்திட்டா தெரிஞ்சா நூலு மட்டம். 180 ஜிஎஸ்எம்னு போட்டிருந்தா நல்லது, உங்க வேலைக்கு 200 இருந்தா இன்னும் உழைக்கும், ஆனா வெயிலுக்கு கொஞ்சம் கனம். தொட்டா மொழுமொழுன்னு இருக்கறதை வச்சு ஏமாறாதீங்க, அது சாஃப்ட்னர், ரெண்டு தண்ணில போயிரும், என்சைம் போட்டு மேல இருக்கற பஞ்சை எடுக்கற பயோ வாஷ் பண்ணதுன்னா மட்டும் பஞ்சு பஞ்சா கெளம்பாம இருக்கும்.

எல்லாம் சரியா இருந்தாலும் முதல்ல ஒண்ணே ஒண்ணு வாங்கி நாலு தடவை துவைச்சுப் பாருங்க. நின்னுச்சுன்னா போய் இன்னும் மூணு கலர் எடுங்க, அதுக்குள்ள அந்தக் கடைல அந்த லாட் தீந்து வேற துணி வந்திருக்கும், அப்ப திரும்பவும் உள்பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதான்.